கோடு போட்ட கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன். கையில் பத்திரிகை இருந்தது. கண்ணில் தூக்கம் இருந்தது. இரண்டில் எது ஜெயிக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையிலிருந்து அண்ணன் மகளின் குரல் கேட்டது.

"சித்தப்பா! கொஞ்சம் இங்கே வாங்களேன். இந்தப் படத்துக்கு என்னமோ ஆயிடுச்சு."

கல்லூரியில் படிக்கிற பெண். லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி வீட்டிலேயே கேக் செய்து விற்கப் போகிறாளாம். அந்த வியாபாரத்துக்கு ஒரு முத்திரை வரைந்து தருவதாக இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். கம்ப்யூட்டரில் வரைந்தும் விட்டாள். ஒரு கோப்பை, பக்கத்தில் ஒரு கோதுமைக் கதிர், மேலே சுருள் சுருளாக இரண்டு இழை ஆவி. திரை முழுவதும் பரவியிருந்தபோது ரொம்ப அழகாக இருந்தது என்றாள். நான் போய்ப் பார்த்தபோது அப்படி இல்லை. பெட்டி மூடியில் ஒட்டுகிற வில்லைக்காக அதைக் கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கியிருந்தாள். கோப்பையும் கதிரும் ஆவியும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, செருப்புக் காலில் மிதிபட்ட கரப்பான்பூச்சி மாதிரி கிடந்தன.

"நான் ஒண்ணுமே பண்ணலை, சித்தப்பா. சின்னதா ஆக்கினேன், அவ்வளவுதான்."

கேக்குப் பெட்டியின் மேல் கரப்பான்பூச்சி! எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூக்கந்தான் போயிற்று. அந்தக் கறுப்புக் கட்டியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், நானே என் கையால் செய்து பார்த்திருக்கிறேன்.

என் கதைகளைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க நியாயமில்லை. கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு, கதை எழுதிச் சம்பாதிக்கலாம் என்ற துணிச்சல் வருவதற்கு முன்னால், நான் கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை பார்த்தேன். 2000-ஆம் வருஷம். அச்சகம் என்றால் இரண்டே அறைகள். முன் அறையில் கம்ப்யூட்டர். அதற்குத் துணி உறை உண்டு, மாலையில் சாம்பிராணி உண்டு, முதலாளியைத் தவிர வேறு யாரும் அதன் பக்கத்தில் காபி குடிக்கக் கூடாது என்ற சட்டமும் உண்டு. பின் அறையில் ஸ்கிரீன் பிரிண்டிங் மேஜை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு எல்லாம் அங்கேதான் அச்சாகும். இங்க்கின் நெடியும் தின்னரின் நெடியும் சேர்ந்து, புதிதாக வருகிறவனுக்குத் தலை சுற்றும். பழகியவனுக்கு அது இல்லாவிட்டால்தான் தலை சுற்றும்.

முன் அறைக் கம்ப்யூட்டரில் கோரல் டிரா என்ற வரைகலைச் சாமானை வைத்துக்கொண்டு பத்திரிகைகளை வடிவமைப்பது என் வேலை. கானடா தேசத்தில் ஆட்டவா நகரத்தில் இருந்த கம்பெனி 1989-இல் முதன்முதலாக வெளியிட்டது அது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்பதாம் பதிப்பு வந்திருந்தது. ஆட்டவாவில் அதைச் செய்தவர்கள், கும்பகோணத்தில் ஒரு பையன் அதை வைத்துக்கொண்டு பிள்ளையாருக்குத் தும்பிக்கை போட்டுக்கொண்டிருப்பான் என்று கனவு கண்டிருக்க மாட்டார்கள்.

இந்த வகைச் சாமானில் கோடு என்பது நாம் பென்சிலால் இழுக்கிற கோடு அல்ல. பென்சில் கோட்டுக்குப் பிறக்கும்போதே கனம் உண்டு. அழுத்தினால் தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கம்ப்யூட்டர் கோடு அப்படியல்ல. பள்ளிக்கூடத்தில் ஜியோமிதி வாத்தியார், கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது என்று யூக்ளிட் சொன்னதாகச் சொல்லிக் கொடுத்திருப்பார். நாமும் நம்பாமலே தலையாட்டியிருப்போம். அந்தக் கோடுதான் இது. இந்தப் புள்ளியில் புறப்படு, இப்படி வளை, அந்தப் புள்ளியில் போய்ச் சேர் என்கிற ஒரு கணக்கு, அவ்வளவுதான். அந்த வளைவின் கணக்கைக்கூடப் படம் போடுகிறவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பிரான்சில் கார் செய்கிற இரண்டு கம்பெனிகளில், ரெனோவில் பியர் பெசியே என்பவரும் சித்ரோவனில் பால் தெ காஸ்தெல்ஜோ என்பவரும், காரின் தகட்டை எப்படி வளைப்பது என்பதற்காகத் தனித்தனியே உட்கார்ந்து போட்ட கணக்கு. பிள்ளையாரின் தும்பிக்கையும் காரின் மட்கார்டும் ஒரே கணக்கில் வளைவதைப் பற்றி எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. அழகான வளைவு எங்கிருந்து வந்தால் என்ன?

ஆனால் அகலம் இல்லாத கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாதே! அதனால் கணக்குக் கோட்டின் மேல் ஓர் உடுப்புப் போட வேண்டும். அதைத்தான் அவுட்லைன் என்கிறார்கள். எத்தனை கனம், என்ன நிறம், முழுக்கோடா, விட்டு விட்டு வருகிற கோடா, முனை எப்படி, மூலை எப்படி என்று ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். கோரல் டிராவில் எஃப் 12 என்ற விசையைத் தட்டினால் இவ்வளவையும் கேட்கிற ஒரு பெட்டி வந்து நிற்கும். தையற்காரன் அளவு எடுக்கிற மாதிரி ஒன்றொன்றாக விசாரிக்கும். நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் அதுவாக ஓர் அளவு வைத்துக்கொள்ளும். இந்தக் கதையெல்லாம் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டியைப் பற்றி நான் படிப்படியாகத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு விலை.

முதலில் மூலை. ஒரு ஜவுளிக்கடையின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, சுற்றிலும் தடித்த கோடு கொடுத்தேன். ஆங்கில 'எம்'மும் 'டபிள்யூ'வும் தலையிலும் காலிலும் முள் முளைத்து நின்றன. இரண்டு கோடுகள் கூர்மையாகச் சந்திக்கிற இடத்தில், இரண்டின் வெளி விளிம்புகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நெடுந்தூரம் போய்ச் சேருகின்றன, அதுதான் முள். கோணம் எவ்வளவு குறுகலோ, முள் அவ்வளவு நீளம். இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 1984-இல் அடோபி கம்பெனியார் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியில், நாம் வேறு சொல்லாவிட்டால், கோணம் சுமார் 11 டிகிரிக்குக் கீழே போனால் முள்ளை வெட்டிவிடும். 2001-இல் இன்டர்நெட் படங்களுக்காக ஏற்பட்ட எஸ்.வி.ஜி. முறையில் 29 டிகிரிக்குக் கீழேயே வெட்டு. அந்தச் சங்கடமே வேண்டாம் என்றால் மூலையை உருட்டிவிடலாம். நான் உருட்டிவிட்டேன். ஜவுளிக்கடைக்காரர், "இப்பத்தான் துணிக்கடை மாதிரி இருக்கு. முன்னே முள்வேலி விக்கிறவன் கடை மாதிரி இருந்தது" என்றார்.

அப்புறம் தமிழ் எழுத்து. உடுப்பு என்றேன் அல்லவா? இது உடம்புக்கு வெளியே மட்டும் போடுகிற உடுப்பு இல்லை. கணக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று உட்காரும். 2 மில்லிமீட்டர் கோடு போட்டால் 1 மில்லிமீட்டர் வெளியே போகும். 1 மில்லிமீட்டர் எழுத்தையே தின்றுவிடும். ஆங்கில எழுத்து அதைத் தாங்கும். நம்முடைய 'ண'வும் 'ஞ'வும் தாங்குமா? சுழியெல்லாம் தூர்ந்து போகும். மெய்யெழுத்தின் புள்ளி, கீழே இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கோட்டை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிட அந்தப் பெட்டியிலேயே ஒரு வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் எழுத்தின் உடம்பு பிழைத்துவிடும். ஆனால் சுழியின் வயிறு இதற்கும் அடங்காது. அங்கே கோடு எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். கடைசியில் கனத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

சந்தோஷமான பாடங்களும் உண்டு. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி காட்டும் படம் போடுவோம். ரோடு போட வேண்டுமானால் இரண்டு கோடுகளை இணையாக இழுத்து அல்லாட வேண்டியதில்லை. ஒரே கோட்டைத் தடித்த கறுப்பில் போட்டு, அதே கோட்டைக் கொஞ்சம் மெலிந்த வெள்ளையில் அதன் மேலேயே வைத்தால் இரு கரையோடு ரோடு வந்துவிடும். வெள்ளையை விட்டு விட்டு வரும் கோடாக மாற்றினால் ரயில் பாதை. இந்த வித்தை தெரிந்த அன்று, மண்டபத்துக்குச் சம்பந்தமில்லாத ஊருக்கெல்லாம் ரயில் விட்டேன். விட்டு விட்டு வருகிற கோட்டின் முனைகளை உருட்டினால், உருண்டை வெளியே நீட்டிக்கொண்டு இடைவெளியை அடைத்துவிடும் என்பதையும் அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.

இப்படியாக, கோட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் தீர்மானித்திருந்த சமயத்தில்தான் அந்தப் பெரியவர் வந்தார்.

எழுபது வயது இருக்கும். வெள்ளை வேஷ்டி, கக்கத்தில் மஞ்சள் பை. மனைவி காலமாகி வருஷம் நிறைகிறது. முதலாம் ஆண்டு நினைவுக்கு 200 கார்டு வேண்டும் என்றார். பெயர், தேதி, கிழமை, நேரம், இடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். போட்டோ கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். கோல நோட்டு. பக்கத்துக்கு ஒரு கோலம். பென்சிலால் போட்டு, சில கோலங்களுக்கு மேலே பேனா ஓட்டியிருந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஒரு பக்கத்தில் பால் கணக்கு.

"போட்டோ வேண்டாம் தம்பி. போட்டோவிலே அவ நல்லா இருக்க மாட்டா. இந்தக் கோலத்தைப் போட்டுக் குடு" என்று ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

சிக்குக் கோலம். நேர்ப்புள்ளி 15, ஒன்றில் முடிவது. 113 புள்ளிகள். கோடு ஓரிடத்தில் புறப்பட்டு, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே முடியும். மார்கழியில் கடைசி நாள் அதைத்தான் போடுவாளாம்.

ஒன்றரை நாள் உட்கார்ந்து அந்தக் கோலத்தைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்தேன். புள்ளிகளை வட்டமாகப் போட்டு உள்ளே கறுப்பு நிரப்பினேன். கோட்டை அணு அணுவாக வளைத்தேன். முடிந்ததும் முதலாளியே காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை. கோலத்தைக் கார்டின் மேல்பக்கத்தில் 2 அங்குல அகலத்துக்கு அமைத்து, டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்துப் பின் அறைக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பெரியவர் வந்தார். அடுத்த நாள் காலையில் நினைவு நாள். கார்டுக் கட்டைப் பிரித்து மேலே இருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன்.

கார்டில் கோலம் இல்லை. புள்ளிகள் இருந்தன. 113 புள்ளிகளும் கறுப்பாக, வரிசையாக, ஒன்று குறையாமல் இருந்தன. கோடு மட்டும் இல்லை. அங்கங்கே ஓர் எறும்புக் காலளவு கோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை.

"புள்ளி மட்டும் வெச்சுட்டு, யாரோ கூப்பிட்டாங்கன்னு உள்ளே போயிட்ட மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. "காலையில ஆறு மணிக்கு வாங்க ஐயா, சரியா இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். அவர் நோட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

முதலாளி என்னைச் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை. 200 கார்டின் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார், அது நியாயம். நான் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து, கோடு மெலிவாகிவிட்டது, அவ்வளவுதானே என்று 4 பாயின்ட் கனம் கொடுத்தேன். 72 பாயின்ட் ஓர் அங்குலம். ஆகவே 4 பாயின்ட் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். நகல் எடுப்பதற்காகக் கோலத்தைத் திரையில் பெரிதாக ஒரு தாள் அளவுக்கு வைத்திருந்தேன். அதில் அந்தக் கனம் அம்சமாக இருந்தது. 2 அங்குலத்துக்குச் சுருக்கினேன். கோலம் சுருங்கிற்று, கோடு சுருங்கவில்லை. புள்ளிக்குப் புள்ளி மூன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் கோடு வளைய வந்தால் என்ன ஆகும்? சந்தெல்லாம் அடைபட்டு, புள்ளியெல்லாம் முழுகி, ஒரே கறுப்புக் கட்டி. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "கோடு போடச் சொன்னா ரோடு போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அப்போது பின் அறையிலிருந்து ஸ்கிரீன் போடுகிற அண்ணன் வந்தார். ஐம்பது வயது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். என்னைப் பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இதிலே என்ன தெரியுது?"

"வலை, அண்ணே."

"வலையிலே நூலும் இருக்கு, ஓட்டையும் இருக்கு. மை ஓட்டை வழியாத்தான் இறங்கணும். இது மேலே பசை பூசி, உன்னோட டிரேசிங் பேப்பரை வெச்சு, வெளிச்சம் காட்டறேன். வெளிச்சம் பட்ட இடத்திலே பசை இறுகிப் போயிடும். உன் கறுப்பு மறைச்ச இடம் இறுகாது; தண்ணி ஊத்தினா கரைஞ்சு வழிவிடும். புள்ளி பெரிசு, மறைச்சுது. கோடு? ரெண்டு பக்கத்திலேருந்தும் வெளிச்சம் உள்ளே பூந்துடுச்சு. அதுவும் இறுகிப்போச்சு."

"கம்ப்யூட்டர்லே நல்லாத் தெரிஞ்சுதே, அண்ணே."

"அந்த ஸ்கிரீனைப் பார்த்துக் கோடு போடாதே தம்பி. இந்த ஸ்கிரீனைப் பார்த்துப் போடு."

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது அவர் சொன்னதன் முழு நியாயமும் தெரிந்தது. நான் கனம் என்று எதையும் சொல்லவில்லை. சொல்லாததால் கோரல் டிரா தன் வழக்கப்படி ஹேர்லைன் என்கிற மயிரிழைக் கோட்டைப் போட்டுவிட்டது. அதன் கனம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. மில்லிமீட்டரில் பதின்மூன்றில் ஒரு பங்கு. ஆனால் திரையால் தன்னுடைய ஒரு புள்ளியைவிட மெலிந்த கோட்டைக் காட்ட முடியாது. அந்தத் திரையின் புள்ளி கால் மில்லிமீட்டருக்குக் குறையாது. ஆக, நான் ஒன்றரை நாளாகப் பார்த்து ரசித்தது, இருந்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் தடித்த ஒரு கோட்டை! திரை பொய் சொல்லவில்லை. தன்னால் முடிந்ததைக் காட்டிற்று. நான்தான் கேட்கவில்லை.

சுருக்கினால் கோடும் கூடவே சுருங்குவதற்கு, அந்த எஃப் 12 பெட்டியிலேயே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் போட வேண்டும். ஒரு வருஷமாகத் தினம் பார்த்த கட்டம். என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. டிக் போட்டேன். கார்டின் அளவில் 1 பாயின்ட், அதாவது மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வரும்படி வைத்தேன். முனையையும் மூலையையும் உருட்டினேன். அண்ணன் புதிதாக வலை தயாரித்தார். தண்ணீர் ஊற்றியபோது, வலையில் கோடு ஒவ்வொரு புள்ளியாகச் சுற்றிக்கொண்டு திறந்து வந்ததை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இரவு இரண்டு மணிக்குக் கடைசிக் கார்டை உலர்த்தப் போட்டோம்.

பெரியவர் ஆறு மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஒரு கார்டை எடுத்து, கோலத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, கோட்டோடு கூடவே மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். இரண்டு அங்குலக் கோலம்; அந்த விரல் அதைவிடப் பெரிது போல இருந்தது. பாதியில் இடம் தவறிவிட்டது. சிரித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"சரியா வந்து சேருது" என்றார். பணத்தை எண்ணி மேஜை மேல் வைத்தார். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கியவர், திரும்பி, "அவ இன்னும் கொஞ்சம் மெலிசாப் போடுவா. பரவாயில்லே தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, சொன்னார். ஆனால் எனக்கு அது முதலாளியின் திட்டைவிட உறைத்தது. நான் அவரிடம் எவ்வளவோ விசாரித்திருந்தேன். பெயருக்குக் கொம்பு உண்டா, காலா என்று கேட்டேன். தேதியை இரண்டு தடவை சரிபார்த்தேன். "உங்கள் வீட்டம்மா கோடு எவ்வளவு கனத்தில் போடுவார்கள்?" என்று மட்டும் கேட்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவை எடுத்து இழுக்கிறவளுக்கு அந்தக் கேள்வியே எழாது. இரண்டு விரலுக்கு நடுவே உள்ள சந்துதான் கனம். ஐம்பது வருஷப் பழக்கம் அதைத் தீர்மானித்திருக்கும். அவள் போன பிறகு யாராவது ஒருவர் அதைத் தீர்மானித்தே ஆக வேண்டும். நான் தீர்மானிக்க மறந்தேன். இயந்திரம் ஒரு மயிரிழையைத் தீர்மானித்தது. அதற்குக் கோலமும் தெரியாது, வலையும் தெரியாது, அந்தப் பெரியவரையும் தெரியாது. இருப்பதிலேயே மெலிந்ததைப் போட்டு வைத்தது.

மயிரிழைக்கு இப்போது வேறு உத்தியோகமும் கிடைத்திருக்கிறது. லேசர் ஒளியால் மரத்தையும் அட்டையையும் வெட்டுகிற இயந்திரங்களுக்கு இதே படத்தை அனுப்பினால், அவற்றில் பல, மயிரிழைக் கோட்டைக் கண்டால் வரைவதில்லை, வெட்டிவிடுகின்றன. வலையில் காணாமற்போன கோடு அங்கே கத்தி. கோடு ஒன்றுதான். போய்ச் சேருகிற இடத்தைப் பொறுத்து அதன் சுபாவம் மாறிவிடுகிறது.

இவ்வளவையும் அண்ணன் மகளிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அவளுக்குப் பொறுமை இருந்திருக்கும். எனக்குத்தான் பெரியவரைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவள் வைத்திருந்தது கோரல் டிரா அல்ல, இங்க்ஸ்கேப். 2003-இல் பலர் கூடி ஆரம்பித்து இலவசமாகவே கொடுத்துவருகிற சாமான். அதிலும் அந்தச் சங்கதி இருக்கிறது: உருவம் சுருங்கும்போது கோடும் சுருங்கட்டும் என்பதற்கு மேல் வரிசையில் ஒரு பொத்தான். எப்போதோ கை பட்டு அணைந்திருந்தது. அதை அழுத்திவிட்டு மறுபடி சுருக்கச் சொன்னேன். கரப்பான்பூச்சி கோப்பையாக மாறிற்று. கதிர் வந்தது. ஆவியும் வந்தது.

"ஐயோ, இவ்வளவுதானா!" என்றாள்.

"இவ்வளவு இல்லை. ஆவியைப் பார்."

ஆவி இப்போது இழையாக மெலிந்திருந்தது. திரையில் தெரிந்தது, வில்லையில் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். கால் பாயின்ட்டுக்குக் கீழே போனால் நல்ல ஆப்செட் அச்சிலேயே ஆபத்து. கூடவே சுருங்கினாலும் கஷ்டம், சுருங்காவிட்டாலும் கஷ்டம் என்றால் என்னதான் செய்வது என்று அவள் கேட்டாள். கடைப் பலகைக்கு ஒன்றும் வில்லைக்கு ஒன்றுமாக இரண்டு படம் வைத்துக்கொள். வில்லைக்கு ஆவியை ஓர் இழையாகக் குறைத்து, கோட்டைத் தடித்துப் போடு என்றேன். எல்லாம் திருப்தியானதும், அச்சகத்துக்கு அனுப்புகிற பிரதியில் கோட்டை உருவமாக மாற்றிவிடும்படியும் சொன்னேன். மாற்றிவிட்டால் கோடு என்கிற கணக்குப் போய், நாலு பக்கமும் விளிம்புள்ள பட்டையாகிவிடும். பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் தன் இஷ்டத்துக்குக் கனம் கொடுக்காது. நமக்கும் மனம் மாற வழி கிடையாது. அதனால் மாற்றாத பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும்.

"சரி சித்தப்பா, எத்தனை பாயின்ட் வைக்கட்டும்?"

"அந்தப் பெட்டி மூடி எவ்வளவு அகலம்?"

"தெரியலையே."

"முதல்லே அதை அளந்துண்டு வா. வில்லையை எதிலே அச்சடிக்கப் போறாங்கன்னும் கேட்டுக்கோ. அப்புறம் பாயின்ட்டைப் பார்க்கலாம்."

அவள் அடிஸ்கேலைத் தேடிக்கொண்டு போனாள். நான் ஈஸிசேருக்குத் திரும்பினேன். வீணான அந்த 200 கார்டில் ஒன்று என்னிடம் இருக்கிறது. எந்தப் பெரிய காரணமும் இல்லாமல் ஓர் அகராதிக்குள் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை. புள்ளிகள் எனக்கு மனப்பாடம். மேலே ஒன்று, அடுத்தது மூன்று, அதற்கடுத்தது ஐந்து.